ஊசியிலை மரத்தில் பிசின் வடிந்தால் எங்கே பார்க்க வேண்டும்?

பெரிய பைன் மரத்தில் பட்டை வெடித்துப் பிசின் வழிந்தால் பலரும் முதலில் செய்வது, பிசினைச் சுரண்டிவிட்டு வெடிப்பில் தாரோ பெயின்டோ பூசுவது. இரண்டுமே வேண்டாத வேலை. பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலை வளர்க்கும். சுரண்டினாலோ, கைவசம் இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

என்ன மரம் என்பதுதான் முதல் கேள்வி. பைன், ஸ்புரூஸ், லார்ச் மரங்களின் கட்டைக்குள் பிசின் குழாய்கள் இயல்பாகவே ஓடுகின்றன. குழாயைச் சுற்றியுள்ள செல்கள் பிசினைச் சுரந்து அழுத்தத்தில் வைத்திருக்கும். ஒரு ஆணி அடித்தாலே போதும், கசியும். அதனால் கவாத்து செய்த இடத்தில் பைன் நாலு சொட்டு வடித்தால் கவலை வேண்டாம். தேவதாருவும் ஃபர் மரமும் அப்படியல்ல. காயம் பட்ட பிறகுதான் கட்டையில் புதிதாகக் குழாய்களை வரிசைகட்டி உண்டாக்கும். சைப்ரஸ் அதையே உள்பட்டையில் செய்யும். இவற்றின் அடிமரத்தில் பிசின் ஓடினால் ஏதோ நடந்திருக்கிறது என்றே பொருள். (ஃபர் மரத்தின் இளம்பட்டையில் தெரியும் பிசின் கொப்புளங்கள் மட்டும் விதிவிலக்கு, அவை பிறவியிலேயே உள்ளவை.)

அடுத்து, விரலால் தொட்டுப் பாருங்கள். பிசினில் இரண்டு பங்காளிகள்: ஆவியாகிவிடும் டர்பன்டைன், பின்தங்கும் ரோசின். கண்ணாடி போலத் தெளிந்து விரலில் ஒட்டினால் புதுக் கசிவு. வெளுத்து, மெழுகு உருகி இறுகியதுபோல் உதிர்ந்தால் டர்பன்டைன் போய் நாளாகிவிட்டது. வெள்ளையின் மேல் புதுப் பிசின் படிந்திருந்தால், காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது.

வெடிப்புக்கு வருவோம். முதிர்ந்த பைனின் பட்டை பாளம் பாளமாகப் பிளந்திருப்பது இயல்பு. பிளவின் அடியில் வெளிர் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் மரம் பருக்கிறது, நல்ல சேதி. மெல்லிய கம்பியை நுழைத்துப் பாருங்கள். பட்டையைத் தாண்டிக் கட்டைக்குள் இறங்கினால்தான் கவனிக்க வேண்டிய வெடிப்பு. வேகமாக வளர்ந்த மரத்தில், அழுகல் ஏதுமின்றி, நெட்டுக்குக் கோடு இழுத்தாற்போல் இருந்தால் வறட்சி வெடிப்பாக இருக்கலாம். மண் காய்ந்தபின்னும் இலைகள் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுவிசையில் கட்டை சுருங்கி உள்ளிருந்து பிளக்கும், பட்டை கடைசியில் கிழியும். ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதி சிட்கா ஸ்புரூஸ் தோப்புகளில் இது தெரிந்த சிக்கல். மின்னல் தாக்கிய தழும்பு மேலிருந்து தொடங்கி நார் ஓட்டத்தோடு இறங்கும்; நார் முறுக்கியிருந்தால் தழும்பும் முறுக்கும். பக்கத்து மரங்களை வெட்டியபின் தென்மேற்குப் பக்கம் மட்டும் பட்டை உரிந்தால், அது வெயில் சுட்ட புண்.

வெடிப்பே இல்லாமல் தரையை ஒட்டிப் பிசின் சுற்றி நின்றால் வேரைச் சந்தேகப்பட வேண்டும். அடியில் 10 முதல் 15 செ.மீ. மண்ணைக் கையால் விலக்கி, பட்டையைச் சிறிதளவு நீக்கிப் பாருங்கள். கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே விசிறி போல வெள்ளைப் படலமும் காளான் வாடையும் இருந்தால் ஆர்மில்லாரியா பூஞ்சை. இது வந்த மரத்தைக் காப்பாற்றுவது அரிது.

சைப்ரஸுக்கு வேறொரு எமன், செய்ரிடியம் கார்டினாலே. 1928இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டு, பின்னர் இத்தாலியின் டஸ்கனி சைப்ரஸ்களையும் பதம் பார்த்த பூஞ்சை. பட்டை அமுங்கிச் செம்பழுப்பாகி, நெட்டுக்கு வெடித்துப் பிசின் கசியும். அதற்கு மேலுள்ள கிளை மட்டும் காயும். நீலகிரியில் நட்டுள்ள மான்டெரே சைப்ரஸ் இதற்கு எளிதில் இரையாகும் இனம். புண்ணுக்குக் கீழே, நல்ல பகுதியில் கிளையை வெட்டி எரிப்பதும், ஒவ்வொரு வெட்டுக்கும் முன் ரம்பத்தை 70% ஆல்கஹாலில் துடைப்பதும்தான் வழி. அடிமரத்திலேயே புண் என்றால் மருந்து கிடையாது.

வண்டு விஷயத்தில் கணக்கு தலைகீழ். பட்டை வண்டு துளைத்த இடத்தில் பிசின் சோளப்பொரி போலத் திரளும். வண்டு குடைந்த மரத்தூளே கலவாத வெண்ணெய் நிறத் திரளை என்றால் மரம் வண்டை மூழ்கடித்து வெளியே தள்ளியிருக்கலாம். செம்பழுப்புத் தூள் கலந்திருந்தால் வண்டு உள்ளே போய்விட்டது. பிசினே இல்லாமல் பட்டை இடுக்கில் உலர்ந்த தூள் மட்டும் கொட்டிக் கிடப்பதுதான் மிக மோசம்: வறட்சியில் குழாய்களில் அழுத்தம் இல்லை, எதிர்க்க மரத்திடம் எதுவும் இல்லை.

காரணம் எதுவானாலும், சேதம் எவ்வளவு என்று அறிய ஒரு சிறு வெட்டு வேண்டும். கத்தியை ஆல்கஹாலில் துடைத்து, கசிவின் ஓரத்தில் 1 செ.மீ.க்கு 2 செ.மீ. பட்டையைச் சீவுங்கள். உள்பட்டை வெளிறி ஈரமாக இருந்தால் உயிர் உண்டு. பழுப்பாக இருந்தால் செத்தது. நல்லது தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, செத்த பகுதி சுற்றளவில் எவ்வளவு என்று டேப்பால் அளக்கவும். பாதிக்கு மேல் போயிருந்தாலோ, ஒரே உயரத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் வெடிப்பு இருந்தாலோ, மரம் விழக்கூடும். கீழே ஆளோ வண்டியோ நிற்காமல் பார்த்துக்கொண்டு மர நிபுணரை அழையுங்கள்.

மற்றபடி, கிளைப் பரப்பின் விளிம்பை ஒட்டி 30 செ.மீ. ஆழம் ஊறும்படி மெதுவாகத் தண்ணீர் விடலாம். யூரியா வேண்டாம். வெடிப்பின் அகலத்தை மாதம் ஒருமுறை, அதே இடத்தில், விடியற்காலையில் அளந்து எழுதி வையுங்கள்; வெயில் ஏறினால் அடிமரம் நூலளவு சுருங்கும், அளவு பிசகும்.