சாண்ட்லருக்காக அழுதவர்களும், டிசம்பரில் வந்த அறிக்கையும்

'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் சாண்ட்லராக நடித்த மேத்யூ பெரி இறந்தது 2023 அக்டோபர் 28. லாஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டு வெந்நீர்த் தொட்டியில் அசைவில்லாமல் கிடந்தார், வயது 54. செய்தி வந்த சில மணி நேரத்திலேயே நியூயார்க்கில் பெட்ஃபோர்டு தெருவும் குரோவ் தெருவும் சந்திக்கும் முனையில் பூக்கள் குவிய ஆரம்பித்தன. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் மோனிகாவின் வீடும் அதற்கு எதிரே சாண்ட்லரின் வீடும் இருப்பதாகக் காட்டப்படும் கட்டடம் அங்கேதான் இருக்கிறது. தொடரை எடுத்தது என்னவோ கலிஃபோர்னியா ஸ்டுடியோவில். பூ வைத்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். துக்கத்துக்குப் போக ஒரு வாசல் வேண்டுமே.

நான் மனநல மருத்துவர். அந்த நாட்களில் என்னிடம் வந்தவர்களில் சிலர், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகுதான் அவர் இறந்த பேச்சையே எடுத்தார்கள். "சொன்னா சிரிப்பீங்க டாக்டர்" என்றுதான் ஆரம்பிக்கும். கூட வந்த வீட்டார் உடனே முந்திக்கொள்வார்கள்: "சொந்தத் தாத்தா செத்தப்போகூட இப்படி அழல."

அழாததில் ஆச்சரியமில்லை என்பேன். தாத்தாவைப் பொங்கலுக்குப் பொங்கல் பார்த்திருப்பார்கள். ஃப்ரெண்ட்ஸ் 1994 முதல் 2004 வரை 236 எபிசோடுகள்; ஒரு சுற்று பார்த்து முடிக்கவே கிட்டத்தட்ட 86 மணி நேரம் ஆகும். இவர்கள் நாலைந்து சுற்று பார்த்தவர்கள். திரையில் தெரியும் ஒருவரோடு பார்ப்பவருக்கு உண்டாகும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அது நோயில்லை. தெரியாதவருக்காக அழுவதும் நோயில்லை.

இப்படி வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த நேரத்தில் அந்தத் தொடரைப் போடுவீர்கள்? விவாகரத்து வழக்கு நடந்தபோது ராத்திரி தூக்கம் வராமல், ஹாஸ்டலில் யாரும் பேசாத முதல் செமஸ்டரில், கீமோ முடிந்து வீட்டில் படுத்திருந்தபோது என்று பதில் வரும். அதைச் சொல்லி முடிக்கும்போது எதற்காக அழுகிறோம் என்று அவர்களுக்கே பாதி புரிந்துவிடும். மறுபடியும் பார்க்கலாமா என்றால் தாராளமாகப் பார்க்கலாம். கொஞ்ச நாள் முடியவில்லையென்றால் விட்டுவிடலாம். (எனக்கு அந்தத் தொடர் மேல் பெரிய மோகம் இல்லை. சாண்ட்லரின் நண்பன் ஜோயி வரும் காட்சிகளுக்கு மட்டும் சிரிப்பேன்.)

ஆனால் மறுபடி பார்ப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 1997-ல் ஜெட் ஸ்கீ என்ற நீர் மோட்டார் வண்டி விபத்துக்குப் பிறகு பெரிக்கு வலி மாத்திரை கொடுக்கப்பட்டது. பிற்பாடு அது ஒரு நாளைக்கு 55 மாத்திரை வரை போனது. தொடரின் எந்தக் கட்டத்தில் எதன் பிடியில் இருந்தார் என்பதற்கு 2022-ல் வந்த தன் வரலாற்றில் அவரே அடையாளம் சொல்லித் தருகிறார்: உடம்பு போட்டிருந்தால் குடி, மெலிந்திருந்தால் மாத்திரை, ஆட்டுத்தாடி வைத்திருந்தால் மாத்திரை ரொம்ப அதிகம். சாண்ட்லருக்கும் மோனிகாவுக்கும் கல்யாணம் நடக்கும் காட்சியை நடித்து முடித்ததும் அவர் திரும்பிப் போனது சிகிச்சை மையத்துக்கு. இதைப் படித்தவர்களால் அந்தக் கல்யாணத்தைப் பழையபடி பார்க்க முடிவதில்லை.

குடியையோ மாத்திரையையோ விட்டு மீண்டுகொண்டிருந்தவர்களுக்கு அந்தப் புத்தகம்தான் பெரிய பிடிமானம். அதனால்தான் அவர்களை அக்டோபரைவிட டிசம்பர் அதிகமாக ஆட்டியது என்று நினைக்கிறேன். டிசம்பர் 15 அன்று பிரேதப் பரிசோதனை முடிவு வந்தது. முதன்மைக் காரணம் கெட்டமைன் என்ற மயக்க மருந்து. நீரில் மூழ்கியது, இதய ரத்தக்குழாய் நோய், பியூப்ரினார்ஃபின் என்ற மருந்து ஆகியவை துணைக் காரணங்கள். "அத்தனை காசும் ஆளும் இருந்த அவராலேயே முடியல, நான் எம்மாத்திரம்?" என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது. கூடவே இரண்டு பயங்களும் வந்தன.

முதல் பயம் கெட்டமைன். மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்கு அதை மிகக் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு. வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம், அதையும் 40 நிமிடம் சொட்டுச்சொட்டாக ஏற்றுவோம். ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் எல்லாம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஆள் இருக்கும். பெரியும் அந்தச் சிகிச்சை எடுத்தவர்தான். ஆனால் கடைசியாக எடுத்தது இறப்பதற்கு ஒன்றரை வாரம் முன்பு. உடலில் சில மணி நேரம் மட்டுமே தங்கும் மருந்து அது. அன்று ரத்தத்தில் இருந்ததோ அறுவைசிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும் அளவு. வீட்டில் உதவியாளர் போட்ட ஊசிகள். அப்படி மயங்கியவர் தண்ணீருக்குள் இருந்தால், தலை சரிவது அவருக்கே தெரியாது.

அந்த மருந்து வந்த வழியைப் படித்தபோது ஒரு மருத்துவனாக எனக்குக் கூசியது. 2024 ஆகஸ்டில் இரண்டு மருத்துவர்கள் உட்பட ஐந்து பேர் மீது வழக்குப் பதிவானது. ஐந்து பேருமே பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஏறக்குறைய 12 டாலருக்கு வாங்கிய ஒரு குப்பியை அவருக்கு 2,000 டாலருக்கு விற்றதாக அரசுத் தரப்பு சொன்னது. அவரைக் கொன்றது சிகிச்சை என்று சொல்லிவிட்டால் இவர்கள் எல்லாம் தப்பித்துவிடுவார்கள்.

இரண்டாவது பயம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. பியூப்ரினார்ஃபின் என்பது ஹெராயின், வலி மாத்திரை போன்ற அபின் வகைப் போதையிலிருந்து மீள்பவர்களுக்கு நாங்களே கொடுக்கும் மருந்து. அரசு மையங்களிலும் கிடைக்கிறது. "டாக்டர், அதுவும் அவர் செத்ததுக்குக் காரணமாமே" என்று சொல்லித் தானாகவே நிறுத்திவிடுகிறார்கள். குடியோ வேறு மயக்க மருந்தோ சேர்ந்தால் இது மூச்சைக் குறைக்கும் என்பது உண்மை. அதைச் சொல்லித்தான் கொடுக்கிறோம். ஆனால் திடீரென்று நிறுத்தினால் ஏக்கம் திரும்பும், கால் பழைய இடத்துக்கே போகும். பல மாதம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. அன்று போட்டுக்கொள்ளும் முதல் டோஸே உயிரை எடுத்துவிடலாம்.

அதனால் வீட்டார் கவனிக்க வேண்டியது அழுகையை அல்ல. மாத்திரை அட்டை காலியாகாமல் அப்படியே இருக்கிறதா, போதையிலிருந்து மீள்பவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு வழக்கமாகப் போவது நின்றுவிட்டதா, "இனி என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு வருகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அழைத்து வாருங்கள். ராத்திரியில் யாரிடமாவது பேசியாக வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கு 14446. மருந்தை நிறுத்தி நாலைந்து நாள் ஆகிவிட்டது என்றாலும் தயங்காமல் வாருங்கள். திட்ட மாட்டோம்.