கெரில்லா: கரந்தடிப் போர், கரந்தடிப் போராளி

'கொரில்லாப் போர்' என்று எழுதுவது நம்மிடம் பழகிப்போய்விட்டது. கொரில்லா ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் வாலில்லாக் குரங்கு. போர்முறையின் பெயர் கெரில்லா. இரண்டுக்கும் வேர் வேறு.

ஸ்பானிய மொழியில் 'கெர்ரா' என்றால் போர். அதோடு சிறுமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து வந்தது கெரில்லா, அதாவது சிறுபோர். 1808இல் நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் புகுந்தபோது ஊர்மக்கள் சிறு குழுக்களாகப் பதுங்கியிருந்து தாக்கினார்கள். அந்தப் போரில்தான் இச்சொல் வெளிநாடுகளுக்குப் பரவியது. ஸ்பெயின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட பிலிப்பைன்ஸில் இது 'கெரில்யா' என்று வழங்குகிறது.

தமிழில் 'கரந்தடிப் போர்' என்கிறோம். கரத்தல் என்றால் மறைதல், மறைத்தல். கரந்து அடிப்பது கரந்தடி. பொருத்தமான, கேட்டதும் விளங்குகிற சொல். ஆனால் அடிக்காமலேயே இந்தப் போரை நடத்தியவர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன பெயர்?

இரண்டாம் உலகப் போரின்போது பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் வாழ்ந்த ஜோசஃபினா கெரெரோவை எடுத்துக்கொள்வோம். மணமான வழியில் வந்த கெரெரோ என்ற குடும்பப் பெயரும் 'கெர்ரா'விலிருந்து பிறந்ததுதான். போர்வீரர் என்று பொருள். 1941இல் அவருக்குத் தொழுநோய் என்று தெரியவந்தது. அப்போது அவர் ஒரு சிறு குழந்தையின் தாய். 1942இல் மணிலா ஜப்பானியர் கைக்குப் போனதும் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். பீரங்கிகள் இருக்கும் இடங்களைப் பார்த்து வரைந்து கொடுத்தார், செய்திகள் சுமந்தார். முகத்தில் நோயின் தழும்புகளைக் கண்ட காவல் வீரர்கள் கிட்டே வந்து சோதிக்க அஞ்சினார்கள்.

1945 தொடக்கத்தில் அமெரிக்கப் படை மணிலாவை நெருங்கியது. வரும் வழியிலோ கண்ணிவெடிகள். அவற்றைக் குறித்த வரைபடத்தைத் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் ஒட்டிக்கொண்டு, நோயுற்ற உடம்போடு வடக்கே நடந்தார் ஜோசஃபினா. 37ஆவது காலாட்படைப் பிரிவிடம் வரைபடம் போய்ச் சேர்ந்தது. போருக்குப் பிறகு அவர் போனது ஒரு தொழுநோய் இல்லத்துக்கு. அங்கிருந்த மோசமான நிலையை எழுதி வெளியே தெரியவைத்தார். அதையும் அவரது போரோடுதான் சேர்க்க வேண்டும். 1948இல் அமெரிக்கா அவருக்கு விடுதலைப் பதக்கம் அளித்தது. அதே ஆண்டு சிகிச்சைக்காக அமெரிக்காவின் லூசியானாவில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். 1996இல் காலமானார்.

இவர் துப்பாக்கி ஏந்திப் போரிட்டவர் அல்லர். 'உளவாளி' என்றால் கூலிக்கு வேவு பார்ப்பவர் என்ற நெடி அடிக்கிறது. 'ஒற்றர்' நல்ல பழஞ்சொல். குறளில் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. ஐயத்துக்கு இடம் தராத தோற்றம், முறைத்துப் பார்த்தாலும் அஞ்சாமை, எந்த நிலையிலும் இரகசியத்தை வெளிவிடாமை ஆகிய மூன்றும் ஒற்றருக்கு வேண்டும் என்கிறது அது. மூன்றும் ஜோசஃபினாவிடம் இருந்தன. ஆனாலும் ஒற்றர் அரசன் அனுப்பும் ஆள். இவரோ தானாக முன்வந்தவர்.

என்னைக் கேட்டால், போர்முறைக்குக் கரந்தடிப் போர், ஆயுதம் ஏந்தியவருக்குக் கரந்தடிப் போராளி, மறைவாகச் செய்தியும் வரைபடமும் சுமந்தவருக்கு மறைப்போராளி என்று எழுதலாம். மூலச்சொல்லே வேண்டுமென்றால் கெரில்லா. கொரில்லா வேண்டாம்.