மலைநாட்டுப் பொலித்தீன் கூடாரம் எதற்கு?

நுவரெலியாவுக்கு வரும் குழுக்கள் எல்லாமே கிரகரி வாவியில் படகு விட வருவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வான் பிடித்து வரும் விவசாயிகள் உண்டு. விவசாயம் படிக்கும் மாணவர்கள் உண்டு. வெளிநாட்டில் பண்ணை வைத்திருப்பவர்களும் இங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வருகிறார்கள். இவர்கள் கேட்டுப் போவது, மலைச்சரிவுகளில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் பொலித்தீன் கூடாரங்களைத்தான். உள்ளே குடைமிளகாய், தக்காளி, சலாது இலை, ஸ்ட்ரோபெரி என்று ஏதாவது வளரும்.

வந்து இறங்கியதும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "தம்பி, இது குளிருக்கோ?" அங்கே வேலை செய்யும் பையன், "இல்லைங்க ஐயா, மழைக்கு" என்பான்.

அவன் சொல்வது சரி. ஐரோப்பாவில் கண்ணாடி வீடு கட்டுவது சூட்டைப் பிடித்து வைக்க. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 பாகை குறையும். கொழும்பின் சராசரி 27, 28 பாகை என்றால் இங்கே 16 அளவில் நிற்பது அதனால்தான். கோவா, கரட், லீக்ஸுக்கு இதைவிட நல்ல காலநிலை வேண்டியதில்லை. தக்காளியும் குடைமிளகாயும் இன்னும் கொஞ்சம் சூடு கேட்கும். பகல் வெயிலில் கூடாரம் அதைத் தானாகவே கொடுத்துவிடும். இங்கே பயிரைக் கெடுப்பது குளிரைவிட ஈரம். ஆகவே மலைநாட்டுக் கூடாரம் போர்வை அல்ல, குடை.

ஈரம் என்ன செய்கிறது? உருளைக்கிழங்கையும் தக்காளியையும் கருக வைக்கும் பிந்திய வெளிறல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1845இல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே பைட்டோப்தோரா கிருமிதான். அதன் வித்துப்பை காற்றில் பறந்து வந்து இலையில் விழும். இலை காய்ந்திருந்தால் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இலையில் சில மணி நேரம் தண்ணீர் நின்றால் கதை வேறு. அதுவும் 15 பாகைக்குக் கீழே குளிர்ந்திருந்தால், பை உடைந்து வால் வைத்த நுண்ணிய வித்திகள் வெளியே வரும். அந்தத் துளி நீரிலேயே நீந்தி இலைக்குள் புகும். நுவரெலியாவின் மழை இரவு இதற்கென்றே செய்து வைத்தது போலிருக்கும். கூரை போட்டு இலையைக் காய்ந்தபடி வைத்தாலே மருந்தடிப்பில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

கூடாரம் சூடேறுவது பற்றி ஒரு பழைய தவறான விளக்கம் இன்னும் உலவுகிறது: வெயில் உள்ளே வரும், வெப்பக் கதிர் வெளியே போகாது, அதனால் சூடு என்பார்கள். 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் இதைச் சோதித்தார். ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்கு வெப்பக் கதிரைத் தடுக்காத கல்லுப்பு மூடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சூடேறின. அப்படியென்றால் முக்கிய வேலையைச் செய்வது, சூடான காற்று மேலே எழுந்து போய்விடாமல் அடைபட்டிருப்பதுதான். இதிலிருந்து இரண்டு விஷயம் விளங்கும். ஒன்று, கூரை உச்சியில் ஒரு திறப்பு வைத்தால் சூடு போய்விடும். மற்றது கொஞ்சம் ஆச்சரியமானது. சாதாரண பொலித்தீன் வெப்பக் கதிரைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். சனவரி, பெப்ரவரியில் மேகமே இல்லாத இரவில் புல் வெள்ளையாக உறையும்போது, கூடாரத்துக்குள்ளும் வெளியிலும் குளிர் கிட்டத்தட்ட ஒன்றுதான். காற்று அசையாத இரவென்றால் உள்ளே கூடுதலாகக்கூடக் குளிரலாம்.

மூடுபனி நாளில் வரும் குழு, "இந்தக் குளிரில் ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள், மூடுங்களேன்" என்று சொல்வதுண்டு. மூடினால் செடிதான் பாடுபடும். கல்சியம் செடிக்குள் மேலேறுவது வேர் உறிஞ்சும் நீரோடு சேர்ந்து. நீர் மேலேற இலை ஆவி விட வேண்டும். காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் ஆவி விடுவது நின்றுபோகும். அப்போது உரத் தொட்டியில் கல்சியம் எவ்வளவு இருந்தாலும் இளம் திசுக்களுக்குப் போய்ச் சேராது. சலாது இலையின் நுனி கருகும், தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தேவை உரமல்ல, காற்றோட்டம்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல கூடாரங்களில் செடி மண்ணிலேயே இல்லை. தென்னந்தும்புத்தூள் நிரப்பிய பையில் நிற்கிறது. மண்ணில் வாடல் நோய்ப் பற்றீரியா இருக்கிறது, அது வேர் வழியாக ஏறும். தும்புத்தூளில் அது இல்லை, தண்ணீரும் நன்றாகத் தங்கும். ஆனால் அதில் உப்பு இருப்பதால் முதலில் கழுவ வேண்டும். அப்புறம் சொட்டுநீர்க் குழாயிலேயே உரக் கரைசல் வரும். கல்சியத்தை ஒரு தொட்டியிலும், சல்பேற்று, பொஸ்பேற்று உப்புகளை இன்னொன்றிலும் கரைப்பார்கள். செறிவாக இருக்கும்போது கலந்தால் சுண்ணாம்பு போல் படிந்து குழாயை அடைத்துவிடும்.

மழையையும் மண்ணையும் இப்படி வெளியே நிறுத்தியாயிற்று. மிச்சம் இருக்கும் பெரிய ஆபத்து யார் தெரியுமா? பார்க்க வரும் நாம்தான்.

நுவரெலியாப் பகுதி உருளைக்கிழங்கு வயல்களில் வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழு உண்டு. அதன் முட்டைக்கூடு ஒரு மில்லிமீற்றரை விடச் சிறியது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும், அவை மண்ணில் இருபது வருடம்கூட உயிரோடு கிடக்கும். இந்தப் புழு தக்காளியையும் தாக்கும். சப்பாத்தின் அடியில் ஒட்டிய சேறு ஒரு சிட்டிகை போதும். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தட்டில் காலை நனைக்கச் சொல்வார்கள். அது பற்றீரியாவுக்கு உதவும், இந்தக் கூட்டின் தோலைத் துளைப்பது கடினம். அதனால் முதலில் தூரிகையால் சேற்றைத் தேய்த்து எடுப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. கை கழுவச் சொல்வதும் வீண் சடங்கல்ல. தக்காளியைத் தாக்கும் மொசைக் வைரஸ்கள் தொடுதலிலேயே பரவும், சிகரெட் புகையிலையிலும் அவை இருக்கலாம்.

உடுப்பின் நிறத்தையும் கவனியுங்கள். செடியின் சாற்றை உறிஞ்சும் வெண் ஈ மஞ்சளைத் தேடி வரும். உள்ளே தொங்கும் பசை அட்டைகள் மஞ்சளாக இருப்பது அதனால்தான். மஞ்சள் சேலையோடு வயலில் நின்றுவிட்டு உள்ளே போனால் ஈயும் கூடவே வரும், இரண்டு கதவு வைத்துப் பூட்டியும் பிரயோசனமில்லை.

எனவே பயணத் திட்டம் போடுபவர் காலையில் குளித்து உடுத்த கையோடு கூடாரத்தை முதலில் காட்டிவிட்டு, கிழங்கு வயலைப் பின்னேரத்துக்கு விடுவது நல்லது. ஒரே நாளில் இரண்டு பண்ணை என்றால், மாற்றிப் போட ஆளுக்கொரு சோடி கழுவிய செருப்பு வானில் இருக்கட்டும்.