நரம்பு அடைப்பா, நரம்பு மறிப்பா?

பெரியம்மாவின் கழுத்து வலிக்காக ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். கையெழுத்துக்கு நீட்டிய ஒப்புதல் படிவத்தில் 'நரம்பு அடைப்பு செய்யப்படும்' என்று அச்சிட்டிருந்தது. "எனக்கு நரம்புல அடைப்புன்னு ஏன்டா யாருமே சொல்லல?" என்று கேட்டவருக்குக் கை நடுங்கிவிட்டது. அவருக்கு எந்த அடைப்பும் இல்லை. 'நெர்வ் பிளாக்' என்பதை யாரோ அகராதி பார்த்துப் பெயர்த்திருக்கிறார்கள். இதை நான் பார்ப்பது முதல் முறையும் அல்ல.

'பிளாக்' டச்சு மொழியில் மரக்கட்டை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, தடை என்ற பொருளையும் ஏற்றது. சொல்லின் கதை அவ்வளவே.

செய்வது என்ன? முதுகெலும்பின் பின்புறமுள்ள சிறு மூட்டு ('ஃபேசட்' மூட்டு) ஒவ்வொன்றின் வலியையும் பெரும்பாலும் இரண்டு மெல்லிய நரம்புகள் சுமந்து போகின்றன. எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி அவற்றின் அருகே லிக்னோகெய்ன் போன்ற மரப்பு மருந்தைச் சில சொட்டு விடுகிறார்கள். மருந்து வேலை செய்யும் சில மணி நேரம் வலி நன்றாக அடங்கினால் வலி பிறக்குமிடம் அந்த மூட்டு என்று கொள்ளலாம். எம்.ஆர்.ஐ. படம் இதைச் சொல்லாது. வலியே இல்லாதவர்களின் படத்திலும் தேய்மானம் தெரியும். தற்செயலாகவும் வலி குறையலாம் என்பதால் இன்னொரு நாள் திரும்பச் செய்து பார்ப்பதுண்டு. உறுதியானால், அந்த நரம்புகளை ரேடியோ அலை வெப்பத்தால் சுடுவது அடுத்த கட்டம். ஆக, முதல் ஊசி பெரும்பாலும் சோதனைதான்.

இதற்கு 'அடைப்பு' எப்படிப் பொருந்தும்? மாரடைப்பு, மூக்கடைப்பு, நீரடைப்பு, ரத்தக்குழாய் அடைப்பு என்று உடம்பைப் பற்றிப் பேசும்போது தமிழில் அடைப்பு என்றால் நோய். அதை எடுக்கத்தான் மருத்துவரிடம் போகிறோம். அவரே வைப்பார் என்று யார் நினைப்பார்கள்? கடையடைப்பு நாமாகச் செய்வதுதானே என்று ஒரு நண்பர் வாதிட்டார். சரி, அது கடை; இது உடம்பு. மருந்து நரம்பிலுள்ள சோடியம் வாயில்களை அடைக்கிறதே, அடைப்பு அறிவியல்படி சரி என்றார் இன்னொருவர். உண்மைதான். ஆனால் படிவத்தைப் படிப்பது சோடியம் வாயில் அல்ல, வலியோடு உட்கார்ந்திருக்கும் மனிதர். 'நரம்பு முடக்கம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். முடக்குவாதம் என்ற சொல் புழங்கும் ஊரில் அது இன்னும் கொடுமை.

என் தேர்வு 'நரம்பு மறிப்பு'. வழிமறிப்பதும் சாலை மறியலும் எல்லோருக்கும் தெரியும்: வேண்டுமென்றே செய்வது, சற்று நேரத்தில் விலகுவது, சாலைக்குப் பழுதில்லாதது. இலங்கைத் தமிழர் விசாரணைக் காலத்தில் ஒருவரைக் காவலில் வைப்பதை விளக்கமறியல் என்கிறார்கள். விசாரிப்பதற்காகத் தற்காலிகமாக நிறுத்துவது! இந்த ஊசியின் வேலையும் அதுவே.

தனித்தமிழ் வேண்டும் என்பவன்தான் நானும். ஆனால் ஊசி என்ற நல்ல சொல் இருக்க 'உட்செலுத்துகை' என்று எழுதுவதும், சிறு முகம் என்ற வேரைப் பிடித்துக்கொண்டு 'ஃபேசட்' மூட்டை 'முகப்பு மூட்டு' ஆக்குவதும் தமிழுக்குச் செய்யும் தொண்டல்ல. முதுகெலும்பின் பின்புறம் இருப்பது எப்படி முகப்பாகும்? பெயர்ப்பவர் ஒரு முறையாவது அந்த ஊசி போடுவதைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

படிவத்தில் இப்படிப் போடலாம்: 'நரம்பு மறிப்பு ஊசி. உங்கள் வலி எங்கிருந்து வருகிறது என்று அறிய, நரம்பைச் சில மணி நேரம் மருந்தால் மறிக்கிறோம்.'