ஃபேஷியா: சவ்வா, உறையா, படலமா?

உடலுக்குள் தசைகளையும் உறுப்புகளையும் சுற்றியிருக்கும் ஃபேஷியாவைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதைக் கையால் தளர்த்தக் கற்றுத்தரும் ‘மயோஃபேஷியல் பயிற்சி வகுப்பு’ என்றால் அழகு நிலையப் பயிற்சி என்று நினைப்பவர்கள் உண்டு. முகத்துக்குச் செய்யும் ஃபேஷியல் வேறு குடும்பம். முகத்தைக் குறிக்கும் ‘ஃபேசியெஸ்’ என்ற லத்தீன் சொல்லில் பிறந்தது. நம் சொல்லான ஃபேஷியாவின் மூலம் ‘ஃபாஸ்கியா’ என்ற வேறொரு லத்தீன் சொல். கட்டுத்துணி, பட்டி என்று பொருள். ரோமானியர் பச்சைக் குழந்தையைச் சுற்றிய துணியும் ஃபாஸ்கியாதான். கற்றையைக் குறிக்கும் இதன் உறவுச் சொல் இத்தாலிக்குப் போய் ஃபாசிசம் ஆனது தனிக்கதை. முன்னால் நிற்கும் ‘மயோ’ கிரேக்கம், தசை.

கோழித் தொடையின் தோலை உரித்ததும் கறிமேல் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒட்டியிருக்குமே, அதுதான் ஃபேஷியா. கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆன இது தசையோடு நிற்பதில்லை; நரம்பு, ரத்தக்குழாய், உள்ளுறுப்பு எல்லாவற்றையும் சுற்றித் தொடர்ந்து ஓடுகிறது. அதனால் ‘தசையுறை’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. முதுகு வலிக்கு முதுகுத் தசையை மட்டும் தேடும் மாணவரை அது உருவாக்கிவிடும். கறிக்கடைச் ‘சவ்வு’ அழகான சொல்; ஆனால் செல் சவ்வு என்று உயிரியல் அதை முன்பே எடுத்துக்கொண்டது. மிஞ்சுவது ‘திசுப்படலம்’. இதிலும் ‘திசு’ ஆங்கில ‘டிஷ்யூ’வின் ஒலி வார்ப்பு. இலங்கைத் தமிழர் பாடநூலில் எழுதும் ‘இழையம்’ இன்னும் பொருத்தம். டிஷ்யூவின் ‘நெய்தது’ என்ற மூலப்பொருளும் அதில் கிடைக்கிறது. இழையப்படலம் என்றால் என் ஓட்டு அதற்கே.

இத்திசுவை மையமாக்கிக் கைச்சிகிச்சை கற்பித்தவர்களில் பெயர்பெற்றவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஐடா ரோல்ஃப் (1896–1979). அவரது முறை பத்து அமர்வுகள் கொண்டது. அதைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் 1971இல் கொலராடோவின் போல்டரில் அமைந்தது. கை அழுத்தத்தில் படலமே நீள்கிறதா, நரம்பு மண்டலம் இறுக்கத்தை விடுகிறதா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. ஆகவே ‘மயோஃபேஷியல் ரிலீஸ்’ என்பதைத் ‘தசைப்படல விடுவிப்பு’ என்று எழுதினால் சிறையிலிருந்து எதையோ அவிழ்த்துவிட்டதுபோல் இருக்கிறது. ‘தளர்த்தல்’ போதும்.

சிலர் இந்தக் கைச்சிகிச்சையைத் தொக்கணம் என்றே எழுதிவிடுகிறார்கள். அது சித்த மருத்துவத்தில் உடலைக் கையால் பிடித்துவிடும் புறச்சிகிச்சை; ஒன்பது வகை கொண்டது. தனிக் கோட்பாடு உடையது, பெயரை இடம்மாற்றக் கூடாது. ஆனால் அதிலுள்ள அழுத்தல், இழுத்தல், பிடித்தல், அசைத்தல் என்ற வினைகளை வகுப்பறை தாராளமாகக் கடன் வாங்கலாம். ‘ஸ்ட்ரோக்’, ‘கிளைடு’ என்று சொல்லிக்கொடுப்பதைவிட ‘உருவிவிடு’, ‘நீவு’ என்றால் கை உடனே புரிந்துகொள்ளும்.