கப்பலா விமானமா, எது அதிகம் எண்ணெய் குடிக்கும்?

"அட்லாண்டிக்கைக் கடக்க விமானத்தைவிடக் கப்பல்தானே சிக்கனம்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். 2019-இல் காலநிலைப் போராளி கிரெட்டா துன்பெர்க் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்குக் கடல்வழியே போனதையும் குறிப்பிட்டிருந்தார். கிரெட்டா போனது பந்தயப் பாய்மரப் படகில், காற்றின் தயவில். எண்ணெய் எரித்து ஓடும் பயணிக் கப்பலின் கதையே வேறு.

'குயீன் எலிசபெத் 2' கப்பலை எடுத்துக்கொள்வோம். 1969-இல் ஓடத் தொடங்கி 2008-இல் ஓய்வுபெற்றது. 1987 முதல் டீசல் எஞ்சின். 28.5 நாட், அதாவது மணிக்குச் சுமார் 53 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 டன் எண்ணெய் தேவைப்பட்டது. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போக ஐந்து நாளுக்குச் சற்றுக் குறைவு. 1,800 பயணிகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு டன் வருகிறது. அதே பெருங்கடலை 400 பேரோடு தாண்டும் போயிங் 747-400 எரிப்பது மொத்தமே 70 டன்னுக்குள்தான். ஆளுக்கு 170 கிலோ. கப்பல் தோற்கிறது, அதுவும் ஆறு மடங்கு வித்தியாசத்தில்.

சரி, சரக்கை மிகக் குறைந்த எண்ணெயில் கொண்டுபோவது கப்பல்தானே? உண்மைதான். விமானம் தன் எடையில் 17 டன்னை வானில் நகர்த்த ஒரு டன் அளவு தள்ளுவிசை வேண்டும். கப்பலில் அதே விசை நூறு டன்னுக்கு மேல் நகர்த்தும். சிக்கல், எதை நகர்த்துகிறோம் என்பதில் இருக்கிறது. அந்தக் கப்பலின் எடை சுமார் 49,000 டன். ஒவ்வொரு பயணிக்கும் 27 டன் இரும்பும் அறையும் நீச்சல் குளமும் கூடவே வருகின்றன. விமானத்தில் ஆளுக்கு முக்கால் டன்தான்.

அடுத்தது வேகம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

கப்பல் நீரை உராய்ந்து போகும்போது ஆற்றல் செலவாகிறது. இது பள்ளிப் பாடம். அதோடு, அது அலைகளையும் எழுப்புகிறது. மேல்தளத்திலிருந்து பக்கவாட்டில் எட்டிப் பாருங்கள். முகப்பில் ஒரு முகடு, பிறகு பள்ளம், சற்றுத் தள்ளி அடுத்த முகடு. கப்பலோடு சேர்ந்தே ஓடுவதால் அந்த வரிசை அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். அலையின் வேகத்தை அதன் நீளம்தான் தீர்மானிக்கிறது. எனவே கப்பல் வேகமெடுக்கும்போது அலையும் நீண்டாக வேண்டும். 20 நாட்டில் முகட்டுக்கு முகடு 68 மீட்டர், 28.5 நாட்டில் 138 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை, அலை இரட்டிப்பாகிவிட்டது. அவ்வளவு நீரைத் தூக்கி இறக்கும் ஆற்றல் முழுவதும் எண்ணெய்த் தொட்டியிலிருந்து போனதுதான்.

இதைச் சமாளிக்கத்தான் பெரிய கப்பல்களின் முகப்பில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். பழுதுபார்க்க நீரில்லாத உலர்துறையில் ஏற்றினால்தான் முழுதாகத் தெரியும். நீருக்குள் முந்திக்கொண்டு போகும் அந்தக் குமிழ் தன் பங்குக்கு ஓர் அலையை எழுப்பும். குமிழின் நீளத்தைச் சரியாக அமைத்தால், முகப்பின் முகடு எழவேண்டிய இடத்திலேயே குமிழ் அலையின் பள்ளம் வந்து விழும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கடல் ஏறக்குறைய மட்டமாகிவிடும். அலையை அலையாலேயே அடக்கும் இந்த உத்தியை எத்தனை முறை நினைத்தாலும் மனம் குதூகலிக்கிறது!

ஆனால் குமிழ் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மட்டுமே பொருந்தும். 2008-க்குப் பிறகு எண்ணெயை மிச்சப்படுத்தச் சரக்குக் கப்பல்கள் வேகத்தைக் குறைத்தபோது பழைய குமிழே சுமையாகிப் போனது. பல கப்பல்களில் அதை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள்.

இதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃபுரூட். சிறு மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் இழுத்தே பெரிய கப்பலுக்கு நீர் தரும் தடையைக் கணிக்கலாம் என்றார். பேர்பெற்ற பொறியாளர்களே அதைச் சிறுபிள்ளை விளையாட்டாகப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை 2,000 பவுண்டு கொடுத்தது; 1872-இல் இங்கிலாந்தின் டார்க்கி நகரில், அவர் வீட்டருகே தொட்டி இயங்கத் தொடங்கியது. உலகின் கப்பல்கள் அன்றிலிருந்து மிச்சம் பிடித்த எண்ணெயோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை தூசு. உடனே பலன் காட்டு என்று ஆராய்ச்சியாளரை நெருக்குகிறவர்களின் கண்ணில் இந்தக் கணக்கு படவேண்டும்.

வாசகியின் கேள்விக்கு வருவோம். கப்பல் வேகத்தை 20 நாட்டுக்கு இறக்கினால் எஞ்சினுக்கான எண்ணெய் பாதியாகும், ஒருவேளை அதைவிடவும் குறையும். பயணம் ஆறரை நாளாகிவிடும். கூடுதல் நாட்களிலும் விளக்கும் குளிர்சாதனமும் சமையலறையும் ஓடவேண்டும். அந்த மின்சாரமும் அதே எண்ணெயிலிருந்துதான் வருகிறது. ஆளுக்கு 27 டன் என்பதைக் குறைக்காமல் விமானத்தை எட்டிப்பிடிக்க வழியில்லை.