நாக்டூரியா என்பது படுக்கையை நனைத்தல் அன்று

ஜப்பானிய முதியோரின் சிறுநீர்த் தொல்லைகளைப் பற்றித் தமிழில் வரும் உடல்நலக் கட்டுரைகளில், இரவில் சிறுநீர் கழிக்கத் தூக்கத்திலிருந்து எழுவதைக் குறிக்கும் ‘நாக்டூரியா’ என்னும் மருத்துவச் சொல்லைப் ‘படுக்கையில் சிறுநீர் கழித்தல்’ என்று எழுதியிருப்பதைப் பலமுறை கண்டுவிட்டேன். 2002–03இல் அந்நாட்டில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே நடந்த ஆய்வில், 69.2 விழுக்காட்டினர் இரவில் ஒருமுறையேனும் சிறுநீர் கழிக்க எழுகிறார்கள் என்று தெரிந்தது. மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 4.5 கோடிப் பேர். அந்த மொழிபெயர்ப்பை இந்த எண்ணோடு சேர்த்துப் படிப்பவர், பத்தில் ஏழு பேர் பாயை நனைக்கிறார்கள் என்றல்லவா கொள்வார்? முதியவர்களை இப்படித் தலைகுனிய வைப்பது பொறுக்கத்தக்கதன்று.

இலத்தீனில் இரவைக் குறிக்கும் சொல்லும் கிரேக்கத்தில் சிறுநீரைக் குறிக்கும் சொல்லும் கூடியதே நாக்டூரியா. தூக்கத்தில் தன்னை அறியாமல் நனைப்பதற்கு ‘எனூரிசிஸ்’ என்னும் வேறு சொல் உண்டு. ஜப்பானியரும் குழந்தை நனைப்பதை ‘ஓனெஷோ’ என்றும், பெரியவர் எழுந்து போவதை ‘யகன் ஹின்னியோ’, அதாவது இரவில் அடிக்கடி வரும் சிறுநீர், என்றும் பிரித்தே சொல்கிறார்கள்.

சற்றுக் கவனமுள்ளோர் ‘இரவு மிகுநீர்’ என்று எழுதுகிறார்கள். தூய தமிழாக இருப்பதாலேயே அது சரியாகிவிடாது. இரவில் சுரக்கும் சிறுநீரின் அளவு மிகுவது தனிக் கோளாறு. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஒரு நாளைய சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் சுரந்தால் அப்பெயர் பெறும். பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் குருதிக்குத் திரும்புவதால் அது நேரலாம். ஆனால் சிறுநீர்ப்பை கொள்ளும் அளவு குறைந்தாலும், தூக்கமே கலைந்துகொண்டிருந்தாலும் ஒருவர் பலமுறை எழத்தான் செய்வார். காரணங்களுள் ஒன்றின் பெயரை விளைவுக்குச் சூட்டுவது மருத்துவத்தையே குழப்பும். கலைச்சொல் ஆக்குவோர் வேர்ச்சொல்லைப் பார்க்கிறார்களேயன்றி, நோயாளி ‘ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கிறேன்’ என்று சொல்வதைக் காதில் வாங்குவதில்லை.

அப்படி எழுந்திருப்பதையே சொல்லில் வைத்து, நாக்டூரியாவைச் ‘சிறுநீர்த் துயிலெழல்’ என்கிறேன். இரவு என்னும் சொல் இதில் இல்லாததும் நன்றே; இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குவோருக்கும் இது பொருந்தும். 2017இல் நாகசாகி ஆய்வாளர்கள், நாள் உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் இரவில் எழுவது சராசரியாக 2.3 தடவையிலிருந்து 1.4 ஆகக் குறைந்ததென அறிவித்தார்கள். இச்செய்தியை ‘மிகுநீர்’ என்று எழுதினால், எண்ணப்பட்டது சிறுநீரின் அளவா, எழுந்த தடவைகளா என்பதே வாசகருக்கு விளங்காது.